துப்பாக்கி கைமாறும்போது: 45 நாள் அறிவிப்பும் அதன் கணக்கும்

உரிமம் பெற்ற ஒருவர் காலமாகிவிடுகிறார். அவர் பெயரில் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி மறுநாள் யாருக்குச் சொந்தம்? வாரிசுகளுக்கு. அதை வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களில் யாருக்கு? யாருக்கும் இல்லை.

இந்திய ஆயுதச் சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும். நிலம், நகை, வண்டிபோலத் துப்பாக்கியும் ஒரு சொத்துதான். அதை விற்கலாம், கொடுக்கலாம், வாரிசுக்கு விடலாம். ஆனால் சொத்துரிமை ஒரு வழியில் போகிறது. கையில் வைத்திருக்கும் உரிமை இன்னொரு வழியில் போகிறது. முதலாவது பணத்தாலோ பிறப்பாலோ மாறும். இரண்டாவது உரிமத்தால் மட்டுமே மாறும். இந்த இரண்டும் ஒரே கையில் வந்து சேரும்வரை நடப்பதை எல்லாம் அரசு அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அறிவிப்பு விதிகள் இருக்கின்றன. குற்றம் செய்யும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள் வழக்கில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இருந்தது வெள்ளையர் ஆட்சியின் 1878ஆம் ஆண்டுச் சட்டம். பழைய சட்டத்தில், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஆயுதத்தை ஒருவர் விற்றால், விற்றபின் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ வாங்கியவரின் பெயர், முகவரியைச் சொன்னால் போதும். இன்றைய சட்டம் வரிசையை மாற்றிவிட்டது. விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்னபின் காத்திருக்கவும் வேண்டும்.

சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வது இதுதான். தனி உபயோகத்துக்கு முறையாக வைத்திருக்கும் துப்பாக்கியையோ தோட்டாவையோ, அதை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க, விற்பனையாளர் உரிமம் தேவையில்லை. ஆனால் விற்கும் எண்ணத்தையும் வாங்கப்போகிறவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்து 45 நாளுக்குக் குறையாமல் கழிந்திருக்கவும் வேண்டும். தமிழ்நாட்டு மாவட்டங்களில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் ஆட்சியர். சென்னைபோல் காவல் ஆணையர் இருக்கும் பகுதிகளில் அந்த இடத்தில் ஆணையரே வருகிறார்.

இங்கே ‘கைமாற்றுதல்’ என்ற சொல்லின் அகலத்தைக் கவனிக்காமல் போகிறவர்கள் அதிகம். பணம் வாங்கினால்தான் கைமாற்றம் என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் விளக்கப்படி வாடகைக்கு விடுவது, இரவல் கொடுப்பது, அன்பளிப்பாகத் தருவது, கைவசத்தை விட்டுக்கொடுப்பது எல்லாமே கைமாற்றம். மறுபக்கத்தில் இரவல் வாங்குவதும் பரிசாக ஏற்பதும் ‘பெறுதல்’ ஆகிவிடுகின்றன. அண்ணன் தம்பிக்குள் கொடுத்து வாங்கினாலும் இதில் சலுகை இல்லை. பன்றி வருகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு வாரம் துப்பாக்கியைக் கொடுத்தவர், சட்டத்தின் கண்ணில் அதைக் கைமாற்றியவர்.

ஒரு சிறு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. உரிமதாரர் உடன் இருக்கும்போதோ அவருடைய எழுத்துப்பூர்வ அதிகாரத்துடனோ, பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ அவருடைய உபயோகத்துக்கோ இன்னொருவர் துப்பாக்கியைத் தூக்கிச் செல்லலாம் என்று 3ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ‘அவருடைய உபயோகத்துக்கு’ என்பது முக்கியமான சொல். தூக்கிச் செல்கிறவரின் உபயோகத்துக்கு அல்ல. தோட்டக் காவலாளி தனியாக ராத்திரி ரோந்து போக இந்த வாசல் உதவாது. அதற்கு அவர் பெயர் உரிமத்திலேயே காவலாளாகப் பதிவாகியிருக்க வேண்டும். கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புவதானால் துப்பாக்கியின் எண், போகும் கடை அல்லது அலுவலகம், போய்வரும் தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். உரிமத்தின் நகலும் கூடவே போகட்டும்.

இனி அறிவிப்புக் கடிதம். சட்டம் கேட்பது வாங்குபவரின் பெயரும் முகவரியும்தான். அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் கடிதம் நகராது. எந்த உரிமம், எந்தத் துப்பாக்கி என்று தேடவே நாள் போய்விடும். விற்பவரின் உரிம எண், அது முடியும் தேதி, தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் அளித்த தனி அடையாள எண் (அலுவலக வழக்கில் யு.ஐ.என்.), துப்பாக்கியின் வகை, ‘போர்’ (குழல் துளையின் அளவு), தயாரிப்பாளர் பெயர், குழல் எண்ணிக்கை, வரிசை எண், சேர்ந்து போகும் தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை வேண்டும். வாங்குபவர் பக்கத்தில் அவருடைய உரிம எண், யு.ஐ.என்., வழங்கிய அலுவலகம், எந்த வகைத் துப்பாக்கிக்கு அனுமதி, எந்த எல்லைக்குள் செல்லுபடி என்பவை வேண்டும். இரண்டு உரிமங்களின் நகலையும் இணைப்பது நல்லது.

சட்டம் ஆட்சியர் ‘அல்லது’ காவல் நிலையம் என்றுதான் சொல்கிறது. இரண்டு இடத்திலும் கொடுத்துவிடுவதே நலம். உரிமப் பதிவேடு இருப்பது ஒரு கூரையின் கீழ். விசாரிக்க ஆள் வருவது இன்னொரு கூரையின் கீழிருந்து. முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை இல்லாமல் வெளியே வராதீர்கள். ‘கொடுத்துட்டுப் போங்க, பாத்துக்கறோம்’ என்று சொல்லும் இடத்தில் 45 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்களிடம் சாட்சி இல்லாமல் போய்விடும். அஞ்சலில் அனுப்பினால் பட்டுவாடா ஆன தேதியின் சான்று கையில் இருக்க வேண்டும்.

நாள் கணக்கில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மார்ச் 1 அன்று அறிவிப்பு கொடுத்தால் மார்ச் 2 முதல் நாள். மார்ச் 31 முப்பதாவது நாள். ஏப்ரல் 15 நாற்பத்தைந்தாவது நாள். அந்த நாள் முழுவதும் கழிய வேண்டும் என்பதால் ஏப்ரல் 16க்கு முன் கைமாற்றக்கூடாது. ஒன்றரை மாதம்தானே என்று ஏப்ரல் 14ஆம் தேதி நல்ல நாள் பார்த்துக் கொடுத்தால் அது சட்ட மீறல். அறிவிக்காமல் விற்பதற்கும், அறிவித்துவிட்டு 45 நாள் முடியுமுன் விற்பதற்கும் 25ஆம் பிரிவு வைத்திருக்கும் தண்டனை ஒன்றே: ஆறு மாதம்வரை சிறை, அல்லது 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 500 ரூபாய்தானே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அப்படி ஒரு வழக்கு ஏறினால் உரிமம் புதுப்பிக்க வரும்போது காவல் அறிக்கையில் அது நிற்கும். இருக்கிற மற்றத் துப்பாக்கிக்கும் ஆபத்து வந்து சேரும்.

அறிவிப்பு வேறு, அனுமதி வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 45 நாளும் காவல் துறைக்குக் கிடைக்கும் அவகாசம். வாங்குபவரின் உரிமம் உண்மையானதா, நடப்பில் இருக்கிறதா, அவர்மீது வழக்கு வந்திருக்கிறதா, அவர் கணக்கில் இன்னொரு துப்பாக்கிக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான காலம் அது. பதில் வராவிட்டால் ‘போலீஸ் ஓகே சொல்லிவிட்டது’ என்று பொருள் அல்ல. வாங்குபவர் தகுதியானவர்தானா என்று முன்கூட்டி உறுதிசெய்யாமல் ஆயுதத்தைக் கொடுப்பதை 29ஆம் பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. காவல் துறை மௌனமாக இருந்தாலும் அந்தப் பொறுப்பு விற்பவர் தலையிலிருந்து இறங்குவதில்லை. நடைமுறையில் பல அலுவலகங்கள் தடையின்மைக் கடிதம் தருகின்றன. ஆயுதக் கடைக்காரர்களும் அது இல்லாமல் பழைய துப்பாக்கியை வாங்கத் தயங்குவார்கள். கேட்டுப் பெறுவது விற்பவருக்கே பாதுகாப்பு.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறான வழி இருக்கிறது. டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997இல் வந்த திருத்தச் சட்டப்படி, துப்பாக்கி கைமாறி ஏழு நாளுக்குள் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே தத்தம் சான்றிதழை வழங்கிய காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நேருக்கு நேர்தான் ஒப்படைக்கவும் வேண்டும். அங்கே இரண்டு கடிதமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். இங்கே முன்கூட்டிச் சலித்துப் பார்ப்பது வலுவாக இருக்கிறது. பின்னால் இரு பக்கப் பதிவும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் தளர்வு. அந்தத் தளர்வைப் பற்றிக் கீழே சொல்ல வேண்டியிருக்கிறது.

எண் என்ற சிக்கல்

கடிதம் திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், துப்பாக்கியில் உள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாததுதான். யாரோ எப்போதோ பூஜ்யத்தை ‘ஓ’ என்று எழுதியிருப்பார்கள். ஒன்றை ‘ஐ’ என்று எழுதியிருப்பார்கள். பழைய 12 போர் இரட்டைக் குழலில் இன்னொரு குழப்பம் உண்டு. குழலின் அடிப்பாகத்தில் போர் அளவு, தோட்டா அறையின் நீளம், சோதனைச் சாலை முத்திரை என்று பல குறிகள் இருக்கும். அவற்றில் ஒன்றை வரிசை எண் என்று எடுத்து எழுதிவிடுவார்கள். முன்கட்டையை (குழலின் அடியில் கை பிடிக்கும் கட்டை) கழற்றி, குழலை அவிழ்த்துப் பார்த்தால் குழல், இயக்கப் பகுதி, முன்கட்டையின் இரும்பு ஆகிய இடங்களில் பெரும்பாலும் ஒரே எண் திரும்ப வரும். அப்படித் திரும்ப வருவதே வரிசை எண். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் எப்போதோ குழல் மாற்றப்பட்டிருக்கலாம். அதை அறிவிப்புக் கடிதத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். பிழை இருப்பது தெரிந்தால் முதலில் உரிமத்தைத் திருத்தக் கேட்டு விண்ணப்பியுங்கள். திருத்தம் ஏறியபின் விற்பனை அறிவிப்பைக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே நின்றுபோகும்.

எண்ணே இல்லாத துப்பாக்கி கைமாற வழியில்லை. தயாரிப்பாளர் பெயர், எண் அல்லது வேறு அடையாளக் குறி இல்லாததை விற்கவோ கைமாற்றவோ 8ஆம் பிரிவு தடுக்கிறது. ஊர்க் கொல்லர் அடித்த பழைய வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல்களில், லைசென்ஸ் வழக்கில் எஸ்.பி.எம்.எல். என்கிறார்களே அவற்றில், இந்தச் சிக்கல் வரும். தாமாகவே ஒரு எண்ணைப் பொறித்துக்கொள்வதோ தேய்ந்த எண்ணை ஆழப்படுத்துவதோ கூடவே கூடாது. குறியை அழித்ததாகவோ போலியாகப் பதித்ததாகவோ அது மாறிவிடும். உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் வழியில் பொறிப்பதே முறை.

எதுவெல்லாம் இந்த வலைக்கு வெளியே என்ற கேள்வியும் வரும். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத, வழக்கொழிந்த அல்லது தொன்மைப் பொருளான ஆயுதத்தைச் சட்டம் விட்டுவிடுகிறது. துருப்பிடித்திருப்பதால் மட்டும் ஒரு துப்பாக்கி இதில் அடங்காது. பழுதுபார்த்தால் சுடும் என்றால் அது துப்பாக்கியேதான். ஏர் கன் விஷயத்தில் குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ குழல் துளை 0.177 அங்குலத்துக்கு மேற்பட்டாலோ 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும்.

ஒப்படைத்த பிறகு

கைமாறும் நாளில் தேதி, நேரம், துப்பாக்கி விவரம், தோட்டா எண்ணிக்கை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது இரண்டு பிரதி வேண்டும். வேலை இத்தோடு முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவதுதான் விற்பவர்கள் செய்யும் பெரிய பிழை. துப்பாக்கி மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது: கையிலுள்ள உரிமத்தில், வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டிலும் தரவுத்தளத்திலும், காவல் நிலையத்தின் ஆயுதப் பட்டியலில். விற்பவரின் பெயரிலிருந்து மூன்று இடத்திலும் அது நீங்க வேண்டும்; வாங்கியவரின் பெயரில் மூன்று இடத்திலும் ஏற வேண்டும். உரிமப் புத்தகத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள், காவல் நிலையப் பட்டியல் பழையபடியே இருக்கும். தேர்தல் வரும்போது ‘துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைங்க’ என்று என்றோ விற்றதற்குக் கேட்டு ஆள் வரும்போதுதான் அது தெரியும். தேர்தல் ஒரு தொந்தரவோடு போகும். அந்தத் துப்பாக்கி ஒரு குற்றத்தில் பிடிபட்டால் முதலில் வருவது பதிவில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான். ஆகவே விற்று முடிந்ததும் உரிமத்தை நேரில் கொண்டுபோய்ப் பதிவை நீக்கச் சொல்லி, காவல் நிலையத்துக்கும் ரசீதின் நகலோடு இரண்டாவது கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மிச்சத் தோட்டாக்களை மறக்க வேண்டாம். 12 போர் துப்பாக்கியை விற்றுவிட்டு அலமாரியில் பத்து 12 போர் தோட்டா வைத்திருப்பவருக்கு அந்தத் தோட்டாக்களை வைத்திருக்க இனி அடிப்படை இல்லை. அறிவிப்பிலேயே எண்ணிக்கையைச் சேர்த்து வாங்குபவருக்கே தரலாம், அவருடைய உரிமத்தில் உள்ள தோட்டா அளவுக்குள் வந்தால். இல்லையென்றால் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாய்வழித் துப்பாக்கிக்காரர்களுக்குக் கரிமருந்தும், அதைப் பற்றவைக்கும் கேப்பும் இதே கணக்கு.

இறப்புக்குப் பின்

முதல் கேள்விக்குத் திரும்புவோம். உரிமம் இறந்தவரோடு போய்விட்டது. வீட்டில் இருப்பது இப்போது உரிமமற்ற துப்பாக்கி. எந்தக் காரணத்தால் ஆனாலும் கைவசம் சட்டபூர்வமாக இல்லாமல் போனால், வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது 21ஆம் பிரிவு. ‘காரியம் முடியட்டும்’, ‘வாரிசுச் சான்றிதழ் வரட்டும்’ என்று தள்ளிப்போடும் குடும்பங்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும். துப்பாக்கி கையிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தெரிந்து, தன் கட்டுப்பாட்டில் இருந்தாலே அது கைவசம் என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே விளக்கியிருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம் என்பதுதான் அப்போது கேள்வியாகும்.

வாரிசு அதைத் தாமே ஸ்டேஷனுக்குத் தூக்கிச் செல்வதும் யோசித்துச் செய்ய வேண்டியது; வழியில் அவரிடமும் உரிமம் இல்லையே. முதலில் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், யார் எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். ஆயுதம் கையாளத் தெரிந்தவர் தோட்டா உள்ளே இல்லை என்று உறுதிசெய்து, குழலையும் தோட்டாவையும் தனித்தனியே கட்டட்டும். ரசீதில் எண், தோட்டாக் கணக்கு, கட்டை, குழல் எந்த நிலையில் இருந்தன என்பது எழுதப்பட வேண்டும். ஸ்டேஷன் அறையின் ஈரத்தில் எண்ணெய் படாமல் மாதக்கணக்கில் கிடக்கும் குழல் துருப்பிடிக்கும். ஆயுதக் கடையில் வைத்தால் மாத வாடகை உண்டு, ஆனால் துடைத்து எண்ணெய் போடுவார்கள். நல்ல துப்பாக்கி என்றால் கடைதான் சிக்கனம். எங்கே வைத்தாலும் விதி குறிக்கும் காலத்துக்குள் எடுக்கவோ விற்கவோ செய்யாவிட்டால் அரசுடைமையாகும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்குள் வாரிசு உரிமம் பெற்று மீட்கலாம். அல்லது தகுதியுள்ளவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

வாரிசு உரிமத்துக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, மருத்துவச் சான்று, ஆயுதப் பயிற்சிச் சான்று, காவல் அறிக்கை என்று வழக்கமான பாதைதான். 21 வயது நிரம்பாதவருக்கு இல்லை. ஆட்சேபணையின்மைக் கடிதத்தில்தான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தங்கையின் கையெழுத்துக்காக மாதங்கள் ஓடும். இதைத் தவிர்க்க 2016 விதிகளிலேயே வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போது, தாம் உயிரோடு இருக்கும்போதே தாம் குறிக்கும் வாரிசின் பெயருக்கு உரிமம் வழங்கக் கேட்கலாம். இந்த விதியைப் பயன்படுத்தினால், இறப்புக்குப் பின் வரும் அலைச்சலில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இன்னொரு முட்டுக்கட்டை எண்ணிக்கை. 2019 டிசம்பர் 14 முதல் ஒருவருக்கு மூன்று அல்ல, இரண்டு துப்பாக்கிதான். வாரிசுவழி வந்தாலும் இதே வரம்பு. தந்தையிடம் இரண்டு, மகனிடம் ஒன்று என்றால் மகன் இரண்டையும் ஏற்க முடியாது. எதை விடுவது என்று முதலிலேயே முடிவெடுத்து, விடுவதற்கான 45 நாள் அறிவிப்பையும் ஏற்பதற்கான விண்ணப்பத்தையும் ஒருங்கே தொடங்கினால் காலம் மிச்சமாகும்.

முகவரி மாறினால் துப்பாக்கியின் உரிமை மாறுவதில்லை. ஆனால் அதன் இடம் மாறுகிறது. புதிய ஊரின் உரிம அலுவலகத்துக்கும் பழைய ஊரின் அலுவலகத்துக்கும் 30 நாளுக்குள் தெரிவித்து, கேட்டால் உரிமத்தையும் துப்பாக்கியையும் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயரில் உரிமம் இருந்தால், துப்பாக்கி ஏந்தும் காவலாள் வேலையை விட்டுப் போன நாளே தகவல் கொடுக்க வேண்டிய நாள்.

திருட்டும் காணாமல் போவதும் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதவை. தெரிந்த உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்வது உரிமத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது. ‘வீட்டுக்குள்ளேதான் எங்கேயாவது இருக்கும்’ என்று தேடிப் பார்க்கும் இரண்டு நாளில், துப்பாக்கி எங்கே போயிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமதாரர்தான். புகார் கொடுக்கப் போகும்போது எண் வேண்டும். அது எழுதியிருக்கும் உரிமப் புத்தகம் பெரும்பாலும் துப்பாக்கி இருந்த அதே பீரோவில் இருந்து, அதோடேயே போயிருக்கும். அதனால் உரிமத்தின் எல்லாப் பக்கங்களின் நகலையும், குழலிலும் இயக்கப் பகுதியிலும் உள்ள எண்ணின் தெளிவான படத்தையும் வேறொரு வீட்டில், நம்பகமான ஒருவரிடம் இன்றே கொடுத்து வையுங்கள்.